புல்லுருவி வெட்டப் போனவன்

1974 பங்குனியில் ஒரு நாள், பக்கத்துத் தோப்புச் சம்பூர்ணம் பத்து மணி பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் முனிசாமி அவள் தோப்பு வேலியைத் தாண்டினான். அவளுடைய மாமரங்களில் புல்லுருவி மண்டிக் கிடந்தது. வெட்டச் சொல்லி இரண்டு வருஷமாக மன்றாடிப் பார்த்துவிட்டான். "என் ஆட்டுக்குத் தழ அதான். என் மரம், என் இஷ்டம்" என்பாள். போன ஆடியில் பேச்சு முற்றிப்போய், "இனி என் தோப்புல கால வெச்சே, பஞ்சாயத்துல நிக்க வெச்சுடுவேன்" என்றும் சொல்லியிருந்தாள்.

அவள் மரத்திலிருந்து புல்லுருவிப் பழம் தின்ற குருவிகள் தன்னுடைய ஒட்டு மாமரங்களுக்குப் பறக்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரியும். நாலு மணி பஸ்ஸில் அவள் திரும்புவதற்குள் வேலியோரத்து மரத்தை மட்டுமாவது சுத்தம் செய்துவிட நினைத்தான்.

இரண்டு ஆள் உயரம் ஏறியிருப்பான். மிதித்த கிளை படக்கென்று முறிந்தது. புல்லுருவி முடிச்சுக்கு அப்பால் அது செத்துப் போயிருந்ததை அவன் கவனிக்கவில்லை. இடது கால் கவட்டைக்குள் இறங்க, முட்டிக்கு மேலே மரம் கவ்விக்கொண்டது. அரிவாள் கீழே போய் விழுந்தது. காலை இழுத்தான், வரவில்லை. திருகினான், கண்ணில் பூச்சி பறந்தது.

கத்த வாயெடுத்தவன் மூடிக்கொண்டான். யார் வந்தாலும் முதலில் கேட்கப்போவது, இந்தத் தோப்பில் உனக்கு என்ன வேலை என்றுதான்.

வெயில் உச்சிக்கு ஏறியது. முசுறுகள் சட்டைக்குள் புகுந்து கடித்தன. ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எறும்புகளை நசுக்கினான். மரத்துப்போயிருந்த கால் வீங்கத் தொடங்கியது. மகாபலிபுரம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனது.

அசைய வழியில்லாதவனுக்குக் கண்ணெதிரே இருந்தது ஒரு கிளைதான். கட்டைவிரல் அளவு குருவி ஒன்று புல்லுருவிப் பழத்தை விழுங்கிவிட்டு அங்கே வந்து உட்கார்ந்தது. பின்புறத்தைப் பட்டையில் தேய்த்தது. வெளியே வந்த விதை, பசை நூலாக இழுபட, கிளையிலேயே ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் முன்பே ஒட்டிய விதைகளும் இருந்தன. ஒன்றில் தீக்குச்சி முனையளவு பச்சை முளை. இன்னொன்றில் முளை வளைந்து பட்டையைப் பார்த்துக் குனிந்திருந்தது. அதற்கும் அப்பால் ஒன்று, நுனி பொத்தான்போலத் தட்டையாகி அழுந்தியிருந்தது. நகத்தால் நெம்பினான். அசையவில்லை. பட்டைக்குள் இறங்கிவிட்டிருந்தது. மண்ணைத் தொடாமலே, மரத்தின் சாற்றைக் குடித்து இலைவிடப் போகிறது. இரண்டு வருஷம் சண்டை போட்டவன், இது எப்படி வேர் பிடிக்கிறது என்று ஒரு நாளும் கிட்டப்போய்ப் பார்த்ததில்லை.

மூத்திரம் முட்டியது. முடிந்தவரை அடக்கினான். வேட்டி நனைந்தபோது அழுகை வந்துவிட்டது. அப்புறம் மானம் பார்க்கவில்லை. "யாராச்சும் வாங்களேன்!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினான். யாரும் வரவில்லை.

நாலு மணி பஸ் வந்து நின்று போயிற்று. கொஞ்ச நேரத்தில் கையில் பையோடு சம்பூர்ணம் மரத்தடிக்கு வந்தாள். கிடந்த அரிவாளைப் பார்த்தாள். தலையைத் தூக்கினாள்.

"இன்னா பண்ணிக்கினு கீறே அங்க?"

"கால் மாட்டிக்கிச்சுக்கா."

"எப்போலேர்ந்து?"

"காலையிலேர்ந்து."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவளோ பையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் ரம்பம் கொண்டுவந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். கவட்டையின் இரண்டு கிளைகளில் சிறியதை அறுத்தால்தான் கால் வரும். அதில் கொத்துக் கொத்தாகப் பிஞ்சு.

"காய் கீதுக்கா அதுல."

"வாய மூடு. கெட்டியாப் புடிச்சுக்க."

அரை மணி நேரம் அறுத்தாள். கிளை பிஞ்சும் புல்லுருவியுமாகச் சரிந்தது. அவன் தொடையைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு அடியாக இறக்கினாள். தரையில் அவனால் நிற்க முடியவில்லை.

"பஞ்சாயத்து வெக்கப் போறியாக்கா?"

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ" என்றவள், அவன் வீட்டுக்கு ஆளனுப்பிவிட்டு, தழையை ஆட்டுப் பட்டிக்கு இழுத்துப் போனாள்.

அவள் பஞ்சாயத்தும் வைக்கவில்லை, மிச்சப் புல்லுருவியை வெட்டவும் இல்லை. மாசக் கணக்கில் படுத்துக் கிடந்துவிட்டு, கோலை ஊன்றித் தன் தோப்புக்குப் போனான் முனிசாமி. கால் முன்போல மடங்கவில்லை. முதல் மரத்தின் தாழ்ந்த கிளையை முகத்தருகே இழுத்துப் பார்த்தான். பச்சைப் பொத்தான் மூன்று. அடுத்த மரத்தில் ஐந்து, ஒன்றில் இலையே விரிந்திருந்தது.

"குப்பம்மா!" என்று மனைவியைக் கூப்பிட்டான். ஓடிவந்த அவள் அவன் அண்ணாந்து நிற்பதைப் பார்த்து, "ஏறிகீறித் தொலைக்காதே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

கைக்கெட்டிய கிளையில் இருந்ததைச் சுரண்டினான். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று கீழேயிருந்து தெரியவில்லை.