நிலுவை இல்லை

அலுவலகத்தில் எனக்கு 'ஜீரோ மேடம்' என்று பெயர். படிப்பில் வாங்கிய பெயர் இல்லை. மாதக் கடைசியில் எங்கள் பிரிவில் யார் மேசையில் எத்தனை விண்ணப்பம் தேங்கி நிற்கிறது என்று ஒரு தாள் சுற்றுக்கு வரும். ஒருவர் பெயருக்கு எதிரே இருபது இருக்கும், இன்னொருவருக்கு நாற்பது, ஒரு மகானுபாவருக்கு நூற்றுப் பத்து. என் பெயருக்கு எதிரே பதினெட்டு வருடமாகப் பூஜ்யம்தான். நிலுவை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை பரபரக்கும். சாப்பிட்ட தட்டை யாராவது அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனால், அதுவும் என் கண்ணுக்கு நிலுவைதான். இந்தப் புத்தியால் என் வீட்டுக்காரருக்கு நான் ஒரு கெடுதல் செய்தேன். நல்லது என்று நினைத்துச் செய்தேன் என்பது உண்மை. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை.

அவர் பஸ் டிரைவர். பதினேழாம் நம்பர் வண்டியை இருபத்தொரு வருடம் ஓட்டினார். ஒரு நடைக்கு முப்பத்தெட்டு நிறுத்தம், ஒரு நாளைக்கு ஆறு நடை. போன வருடக் கண் பரிசோதனையில் இடது கண்ணின் ஓரப் பார்வை குறைந்திருக்கிறது என்று சொல்லி, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றுவிட்டார்கள். டெப்போவிலேயே ஒரு மேசை வேலை தருவதாகக் கடிதம் வந்தது. வண்டிகள் கிளம்பும் நேரத்தைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவர் கடிதத்தை ஒரு தடவை படித்தார், மடித்து டிவிக்குக் கீழே செருகினார், அத்தோடு மறந்தார்.

டிவிக்குக் கீழேதான் மகளின் கேம் பெட்டியும் இருந்தது. வெளியூரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது அதை அவரிடம் விட்டுப் போனாள். "சும்மா உக்காந்து விட்டத்தைப் பாக்கறதுக்கு இதை ஆடுங்கப்பா" என்றாள். அன்று உட்கார்ந்தவர்தான்.

அந்த ஆட்டத்தின் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மூடுபனி மூடிய ஒரு பெரிய தீவு. அதில் ஒரு விளக்குக்காரரின் மகள்; அவளைத்தான் நாம் நடத்திப் போக வேண்டும். ஒன்பது கலங்கரை விளக்கங்கள் அணைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றாக ஏற்றினால் அந்தந்தப் பகுதியின் பனி விலகி, வரைபடம் தெளியும். ஒன்பதையும் ஏற்றிவிட்டு, வடக்கு முனையில் உட்கார்ந்திருக்கும் புயல் பறவையை விரட்டினால் முடிந்தது. கெட்டிக்காரர்கள் ஒரு மாதத்தில் முடித்துவிடுவார்களாம். என் வீட்டுக்காரர் ஐந்து மாதத்தில் ஏற்றியது இரண்டு விளக்கு. அதிலும் இரண்டாவது, மழைக்கு ஒதுங்க உள்ளே போனவர் தெரியாமல் ஏதோ பட்டனை அழுத்தியதால் எரிந்தது. "ஐயையோ, பனி போச்சே" என்று அவர் அடித்துக்கொண்டதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

ஆட்டத்தில் அவருக்கு ஒரு கழுதை இருந்தது. டெப்போ மேனேஜர் ஞாபகமாக அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தார். கூப்பிட்டால் வராது, வந்தால் நகராது, நகர்ந்தால் நிற்காது. தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் அதன் பிரதாபம் ஆரம்பமாகும்.

"இன்னைக்கு மேனேஜர் என்னை ஆத்துல தள்ளிவிட்டுட்டாரு. தண்ணி இழுத்துட்டுப் போயி ஒரு பாலத்துக்கு அடியில விட்டுச்சு. அங்க ஒரு கிழவன் ஒத்தைச் செருப்பைத் தேடிக்கிட்டு இருக்கான்."

"தேடிக் குடுத்தீங்களா?"

"எங்க! தேடலாம்னுதான் போனேன். வழியில ஒரு நரி ஓடுச்சு. எங்கதான் போகுதுன்னு பின்னாடியே போயிட்டேன்."

"அப்ப அதுவும் நிலுவை."

அவர் சிரித்துவிட்டு அடுத்த கவளத்தை எடுப்பார். நான் சிரிக்க மாட்டேன். ஆட்டத்திலேயே 'செய்ய வேண்டியவை' என்று ஒரு பட்டியல் இருந்தது. எட்டிப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. என் வீட்டுக்குள்ளேயே, என் டிவியிலேயே இருநூற்றுப் பன்னிரண்டு நிலுவை! மனிதர் மலையேறுகிறார், பழம் பறிக்கிறார், ஒரு குன்றின் மேல் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கிறார். அது நிஜச் சூரியன்கூட இல்லை. கடிதத்துக்குக் கெடு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அந்த வேலை போனால் இந்த மனிதர் சோபாவோடு சோபாவாக ஆகிவிடுவார் என்று எனக்குப் பயம். பேச்சுக்குக்கூட ஆள் இல்லாத வீடாகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "எதுக்குங்க இப்படிச் சுத்திச் சுத்தி அலையறீங்க? நேராப் போய் அந்தப் பறவையை விரட்டிட்டு வேலையைப் பாக்கக் கூடாதா?"

அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தண்ணித் தொட்டி நிறுத்தம் தாண்டினா ஒரு வளைவு வரும். இருபத்தொரு வருஷமா அங்க இடது பக்கம்தான் ஒடிச்சிருக்கேன். வலது பக்கம் ஒரு மண் ரோடு பிரியும். ரெண்டு பக்கமும் மரம். கொஞ்ச தூரத்துல அதுவும் வளைஞ்சிடும், அந்தப் பக்கம் என்னன்னு தெரியாது. பின்னாடி அறுபது பேரு உக்காந்திருக்கான், எப்படித் திரும்புறது? இதுல திரும்பலாம்."

"ஒரு ஞாயித்துக்கிழமை நடந்து போய்ப் பாத்துட்டு வரவேண்டியதுதானே?"

"போனேனே. வண்டியை விட்டு இறக்கினாங்களே, அந்த வாரமே போனேன். இப்ப அங்க சுவர் எழுப்பி கேட்டு போட்டிருக்கான்." பிறகு, "நீயும் ரெண்டு நாள் லீவு போடேன்" என்றார். "பக்கத்துல வந்து உக்காரு. நீ எந்தப் பக்கம் கை காட்டுறியோ அந்தப் பக்கம் போவோம். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

"நல்லாருக்கே! நான் லீவு போட்டா என் மேசை என்ன ஆகும்?" என்று எழுந்து போய்விட்டேன்.

அடுத்த வாரம் அவருடைய தம்பி மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். துணைக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்று இவர் கிளம்பினார். பத்து நாள். எனக்குள் ஒரு திட்டம் முளைத்தது. ஆட்டம் முடிந்துவிட்டால் அவர் தானாக எழுந்து வருவார். ஆட்டத்தை நானே முடித்து வைத்தால் என்ன? அவருக்கும் பெரிய பாரம் இறங்கும். எதிர் மேசைக்காரி இந்த விஷயத்தில் கில்லாடி. ஒவ்வொரு வேலையையும் எப்படி முடிப்பது என்று இணையத்தில் யாரோ வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்ததை அறுபது பக்கத்துக்கு அச்சடித்துக் கொடுத்தாள். நான் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாகச் சேர்ந்தாற்போல் ஐந்து நாள், முன்னும் பின்னும் சனி ஞாயிறு வேறு. அவர் கேட்டது இரண்டு நாள்தான்.

முதல் நாள் அந்தப் பெண்ணை நடக்க வைக்கவே திணறினேன். சுவரில் முட்டினாள், கடலில் விழுந்தாள், கையிலிருந்த விளக்காலேயே சூடு பட்டுக்கொண்டாள். இரண்டாம் நாள் கை பழகிவிட்டது. ஒரு நீளத் தாளில் கட்டம் போட்டேன்: வரிசை எண், இடம், வேலையின் விவரம், முடித்த தேதி. கிழவனின் செருப்பு நாற்பத்தொன்று. கிணற்றுக்குள் விழுந்த மணி ஐம்பத்தாறு. வழிகாட்டித் தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு, முடிக்க முடிக்க டிக் போட்டுக்கொண்டே போனேன்.

கழுதைதான் கழுத்தை அறுத்தது. பாதி நேரம் அதன் பின்னால் ஓடுவதிலேயே போயிற்று. தொண்ணூற்றேழாம் இனத்தில் ஒரு குதிரை வியாபாரி வருகிறான். கழுதையைக் கொடுத்தால் வேகமான குதிரை தருவான். 'கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது, சம்மதமா' என்று திரையில் கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன். அலுவலகத்தில் அப்படி எத்தனை தடவை அழுத்தியிருக்கிறேன், இது எம்மாத்திரம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் தடுமாறினேன். ஆறாவது விளக்கை ஏற்றிவிட்டுக் குதிரையில் வரும்போது, வலது பக்கம் ஒரு சின்னப் பாதை பிரிந்தது. புல் வளர்ந்து பாதி மூடியிருந்தது. தூரத்தில் எங்கேயோ யாரோ குழல் வாசிப்பது போல ஒரு சத்தம். விரல் தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது. தாளைப் பார்த்தேன். அடுத்த இனத்துக்கு நேராகத்தான் போக வேண்டும் என்று போட்டிருந்தது. நேராகப் போனேன்.

பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்கு முன்னால் புயல் பறவை பறந்துபோயிற்று. தாளின் அடியில் 'நிலுவை: இல்லை' என்று எழுதி, கோடு போட்டு, கையெழுத்திட்டுத் தேதி வைத்தேன்.

சாயங்காலம் அவர் வந்தார். தம்பியின் கால் கதையைச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை. பாராட்டு வாங்கும் அவசரம் எனக்கு. தட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, ஒன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை வாசித்துக் காட்டினேன். எந்தக் குகைக்குள் என்ன இருக்கிறது, எந்தக் கிழவி உண்மையில் யார், நரி எங்கே போகிறது, எல்லாவற்றையும். அவர் சாப்பிட்டுக்கொண்டே "ம்" போட்டார். நூறுக்கு மேல் "ம்" நின்றுவிட்டது. அசதி என்று நினைத்தேன்.

கை கழுவிவிட்டு வந்து டிவியைப் போட்டார். வரைபடத்தைத் திறந்தார். ஒரு பொட்டுப் பனி இல்லை. தீவு முழுவதும் வெட்ட வெளிச்சமாக, இடத்துக்கு இடம் பெயரோடு கிடந்தது. அதை இடமும் வலமுமாக நகர்த்திப் பார்த்தார். பிறகு மூடிவிட்டு, சீட்டியடிக்கும் பட்டனை அழுத்தினார். குதிரை ஓடி வந்து நின்றது.

"மேனேஜர் எங்க?"

"அதான் தொண்ணூத்தேழு. வாசிச்சேனே. குதிரைக்கு மாத்திட்டேன்."

"திருப்பி வாங்க முடியாதா?"

"முடியாதாம்."

அவர் குதிரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்ல குதிரைதான்" என்றார். பெட்டியை அணைத்தார். டிவிக்குக் கீழே இருந்த கடிதத்தை உருவி, "பேனா இருக்கா?" என்று கேட்டார். என் பேனாவை வாங்கி, என் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.

டெப்போவுக்கு ஒழுங்காகப் போனார், ஒழுங்காக வந்தார். சாப்பிட உட்கார்ந்தால் நான்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. "வண்டியெல்லாம் நேரத்துக்குப் போச்சுங்களா?" "போச்சு." "மேனேஜர் என்ன சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் நிஜ மேனேஜர் என்றே எடுத்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்லல" என்றார். அதற்கு மேல் தட்டுச் சத்தம்தான்.

ஒரு மாதம் கழித்து மகள் கூப்பிட்டாள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்மா? முன்னெல்லாம் மத்தியானம் போன் பண்ணி, இன்னைக்கு எங்க போனேன் தெரியுமான்னு அரை மணி நேரம் பேசுவாரு. இப்பல்லாம் 'நல்லா இருக்கியா, சாப்பிட்டியா'ன்னு கேட்டுட்டு வச்சிடறாரு."

நடந்ததைச் சொன்னேன்.

"முடிக்கிறதுக்காம்மா அதைக் குடுத்தேன்?"

"பின்ன எதுக்கு?"

"அவர் அதை முடிக்காம வச்சிருந்தாரும்மா. வேணும்னேதான் வச்சிருந்தாரு. பனி இருக்கிற பக்கம்தான் அவருக்கு நல்ல பக்கம். உங்களுக்குத் தினமும் சொல்லலையா?"

சொன்னார். ஐந்து மாதம், தினமும், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொன்னார். நான் அதைப் பேச்சுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவரைத் திரும்ப என்னோடு பேச வைக்க வேண்டும் என்றுதானே அத்தனையும் செய்தேன்? பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான்தான் போய் வாயை அடைத்திருக்கிறேன்.

மறு நாளே விடுப்பு எழுதிக் கொடுத்தேன். என் மேசையில் பதினான்கு விண்ணப்பம் இருந்தது, அப்படியே விட்டேன். அவருக்கும் அன்று வார விடுமுறை. மகளிடம் வழி கேட்டு ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி வைத்தேன். தீவு மறுபடியும் பனிக்குள் போயிருந்தது. கழுதை கரையோரம் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து சோபாவில் உட்கார வைத்து, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன்.

"லீவா போட்டே? நீயா?"

"ரெண்டு நாள். நான் கை காட்டுற பக்கம் போகணும், சரிங்களா?"

அவருக்குச் சந்தோஷம்தான். முகத்தில் தெரிந்தது. கழுதைக்கு மறுபடியும் அதே பெயரை வைத்தார். கரையோரமாகவே நடந்தோம். சும்மா நடந்தோம். அலை வந்து அந்தப் பெண்ணின் காலை நனைத்தது. ஒரு நண்டு குறுக்கே ஓடியது. எனக்கு எந்த அவசரமும் தோன்றவில்லை. இத்தனை நாள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று நினைத்துக்கொண்டேன். ஒரு திருப்பத்தில் பனிக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு பெரிய பாறை எட்டிப் பார்த்தது. அதன் இடுக்கில் லேசாக ஏதோ மினுங்கியது.

"என்னங்க, அங்க பாருங்க! அந்தப் பாறைக்குப் பின்னால என்ன இருக்கும்?"

என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு கேள்வியை ஆசையோடு கேட்டது அன்றுதான். அவர் கழுதையை நிறுத்தினார்.

"நூத்தி நாப்பத்தி மூணு" என்றார். "குகை. உள்ள ஒரு தேன்கூடு இருக்கும். வேற ஒண்ணும் இல்ல. நீதானே வாசிச்சே?"

குத்திக் காட்டவில்லை. நிறுத்தத்தின் பெயர் கேட்ட பயணிக்குச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். "போகணுமா?" என்று கேட்டுவிட்டு, நான் கை காட்டுவதற்காகக் காத்திருந்தார். நான் எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.