நான்காவது படியில் நின்றவள்

...நல்லவேளை, அழிக்காமல் நின்றுவிட்டாள் அந்த மகராசி, ஏதோ ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவள், முகம்கூடத் தெரியாது, "உங்க படத்துல இல்லாத ஒரு சிவப்புப் பட்டை என் திரையில வருதுங்க, நான்தான் தப்பா பண்றேனா?" என்று காலையில் எழுதிக் கேட்டிருக்கிறாள், ஐயோ தாயே, தப்பு உன்மேல் இல்லை, என்மேல்... உடனே "எதையும் தொடாதீங்க, அப்படியே நில்லுங்க" என்று பதில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், வாஷிங் மெஷின் பக்கத்தில் துணி மடித்துப் போடும் மேசை, அதுதான் என் அலுவலகம், ஒன்பது வருடமாக. கோப்புகளுக்கு நகல் எடுத்து வைக்கும் இலவச மென்பொருள், எங்கெங்கோ இருப்பவர்கள் சும்மா உழைத்து நிரல் எழுதுகிறார்கள், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கம் எழுதுவது என் பாடு, புதுப் பதிப்பு வந்தால் பழைய விளக்கத்தை அப்படியே எடுத்து, பதிப்பு எண் நான்கு என்று இருக்கும் இடத்திலெல்லாம் ஐந்து என்று மாற்றி, பிறகு எது மாறியதோ அதை மட்டும் திருத்துவேன், நேற்றும் அப்படித்தான், ஆனால் தொலைந்த கோப்புகளை நகலிலிருந்து மீட்கச் சொல்லித்தரும் இந்தப் பக்கத்தைத் திருத்தினேனா? 'மீட்பதற்கு முன் பழைய கோப்புறையை அழிக்கவும்', நான்காவது படி, போன பதிப்புவரை சரி, இப்போது அழித்தால் நகலும் சேர்ந்து போய்விடும், அதைத் தடுக்கத்தான் புதுப் பதிப்பில் அந்தச் சிவப்புப் பட்டை, எனக்குத் தெரியாதா என்ன, மாற்றங்களின் பட்டியலில் 'எச்சரிக்கை' என்று தடித்த எழுத்தில் நானேதான் எழுதினேன்! ஊருக்குத்தான் உபதேசம்.

"இதையெல்லாம் யாரு படிக்கப்போறா?" என்பார் வீட்டுக்காரர், துணி காயப்போட்டுக்கொண்டே, நானும் சிரிப்பேன், இன்று மட்டும் "முகம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு, தண்ணி குடி முதல்ல" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார்... பதில் வந்துவிட்டது, வந்துவிட்டது, "தொடலைங்க. எட்டாயிரம் பேரோட விவரம் இருக்கு, பயந்துட்டேன். உங்க விளக்கத்தை வரிக்கு வரி விரல் வெச்சுப் படிச்சுதான் இந்த வேலையே கத்துக்கிட்டேன், ரொம்ப நன்றிங்க." எனக்கா நன்றி? கண் நிறைந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது, கேட்கத் தோன்றியதே அவளுக்கு, தெரியாது என்று சொல்லத் துணிந்தாளே, உன் வாய்க்கு சர்க்கரைதான் போட வேண்டும். சரியான படிகளை எழுதி அனுப்பினேன், அரைமணி நேரத்தில் "எல்லாம் வந்துருச்சு" என்றாள், அப்பாடா, பெருமூச்சு விட்டேன். பக்கத்தைத் திருத்தி வெளியிட்டேன், உச்சியில் சிவப்பில் ஓர் அறிவிப்பும் போட்டேன், 'நேற்று இங்கே பிழை இருந்தது, கண்டுபிடித்துச் சொன்னவருக்கு நன்றி', அவள் பெயர் போடலாமா என்று கேட்டதற்கு "ஐயோ, வேண்டாங்க" என்று சிரிப்புப் படம் அனுப்பினாள். மனசு லேசாக, திருத்தம் சரியாக ஏறிவிட்டதா என்று பார்க்கப் போனேன், ஏறியிருந்தது, கீழே வழக்கமான எண்ணிக்கை, நேற்று மாலையிலிருந்து இந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் நாற்பத்தொரு பேர்... நாற்பத்தொன்றா? எழுதிக் கேட்டது இவள் ஒருத்திதானே, மற்ற நாற்பது பேரும் நான் சொன்னதை நம்பி...