சம்பந்திக்கு ஒரு துவக்குப் பிடங்கு

இருந்தவர்கள் ஐந்து பேர். பெண்ணின் தகப்பன் மரியரட்ணம், தாய் சுகிர்தம், கலியாணப் பெண் பிரியதர்சினி, சுகிர்தத்தின் தம்பி அரியரத்தினம், துவக்குகளுக்கு மரவேலை செய்யும் பிரெஞ்சுக்காரர் ருஸ்லோ. தானும் இருந்ததாகச் சொல்லுகிற வேறெவரும் பாரிஸ் ரூ பெர்தொனே தெருச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடிக்கு அன்று ஏறியதில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் ஜெரார் காட்டுப்பன்றி வேட்டைக்காரர். அவருடைய துவக்கின் மரப்பிடங்கு, துப்பாக்கியைத் தோளில் அண்டிப் பிடிக்கிற அடிக்கட்டை, பிளந்திருந்தது. கலியாண எழுத்தன்று, பதிவு நாளில், சபை நடுவே தட்டில் வைத்துப் புதுப் பிடங்கு கொடுப்பதென்று மரியரட்ணம் தீர்மானித்தார். பார்க்கிற முந்நூறு பேரும் ஒரு கிழமைக்கு வேறு கதை பேசக் கூடாது.

"துவக்கெண்டு சத்தமாச் சொல்லாதேங்கோ," என்று சுகிர்தம் யன்னலைச் சாத்தினார். அது 2013. ஊரில் போர் முடிந்து நாலு வருடமாகியும் அந்தச் சொல்லுக்கு அவர் யன்னல் சாத்தினார்.

ருஸ்லோ இரண்டு வால்நட் கட்டைகளை மேசையில் வைத்து ஈரத்துணியால் துடைத்தார். ஒன்றில் கருஞ்சுழிகள் புகை போல எழுந்தன. மற்றது துடைத்த பிறகும் பலகையாகவே கிடந்தது.

"இது கூறைச் சீலை மாதிரிக் கிடக்கு அத்தான்," என்றார் அரியரத்தினம். புறநகர்ச் சார்செல்லில் வீடு வாங்கிய நாள் முதல் உலகத்தில் எல்லாவற்றையும் பற்றி அபிப்பிராயம் உள்ளவர். "மற்றது சவப்பெட்டிக்குச் சரி."

ருஸ்லோ நீளமாக ஏதோ சொன்னார். மரியரட்ணத்துக்குப் பிரெஞ்சு நன்றாக விளங்கும், பிடிக்காத விஷயம் மட்டும் விளங்காது. ஆகவே மகள் தமிழில் சொன்னாள்.

"கை பிடிக்கிற கழுத்தில மரத்தின்ர நார் சுழண்டு ஓடினா, வெடி உதைக்கேக்க அதில பிளக்குமாம். நேர் நார்தான் தாங்குமாம்."

"சம்பந்தி அதைச் சுவரில மாட்டி வைக்கட்டும்."

"மாட்ட மாட்டார் அப்பா. ஞாயிறு தவறாமல் இருபது பேரோட காட்டுக்குப் போறவர்."

"இருபது பேரோ?"

"ஓம். எல்லாரும் ஆரின்ர துவக்கு எப்பிடியெண்டு பாக்கிற ஆக்கள்."

மரியரட்ணம் யோசித்தார். மரம் தெரியாத முந்நூறு பேர் முகம் சுளித்தால் அது ஒரு நாள் கூத்து. மரம் தெரிந்த இருபது பேர் நடுவே, மரியரட்ணம் கொடுத்த பிடங்கு பன்றிக்கு முன்னால் இரண்டாகப் பிளந்தால்? தன் பரம்பரையில் எவருடைய பொருளும் அந்நியன் கையில் முறிந்ததில்லை.

"சீலையை நீ கொண்டு போ மச்சான்," என்றவர் பலகையைக் காட்டினார். "இதைச் செய்யச் சொல்லு பிள்ளை."

"சனம் என்ன சொல்லும்?" என்றார் சுகிர்தம்.

"சனம் சுடப் போறதில்லை."

எழுத்தன்று தட்டு திறந்ததும் முந்நூறு பேரும் இழவு வீட்டில் போலத் தலையைக் குனிந்தார்கள். ஜெரார் பிடங்கின் கழுத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, நாரோட்டத்தைப் பெருவிரலால் மேலிருந்து கீழ்வரை தடவினார். பிறகு மரியரட்ணத்தை இறுக அணைத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பாவம், நல்ல மனுசன் ஆறுதல் சொல்லுகிறார் என்று சபை விளங்கிக்கொண்டது.

மரியரட்ணம் பழைய கட்டில் காலைச் சீவிச் சம்பந்திக்குக் கொடுத்தார் என்று அடுத்த புறநகர் திரான்சி வரை ஒரு கதை உலாவுகிறது. கட்டில் கால் அல்ல. அந்த வீட்டுக் கட்டில்கள் எல்லாம் இரும்பு.