கூட்டாகவும் தனித்தனியாகவும்

ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் போன எழிலரசி திரும்பவே இல்லை. முதலில் போனை எடுக்கவில்லை. பிறகு அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை என்றது. அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று காந்திமதி பயந்துகொண்டிருந்தபோதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் அய்யாத்துரை மாடி ஏறி வந்தார்.

வடக்குப்பட்டில் அந்த மாடி வீட்டை மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்திருந்தார்கள். மூவருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே உற்பத்தி லைன். மாதம் பிறந்ததும் காந்திமதியும் இசைவாணியும் தங்கள் பங்கை எழிலரசியிடம் கொடுத்துவிடுவார்கள். மூவரில் வாய் சாமர்த்தியம் உள்ளவள் அவள்தான். வீட்டுக்காரரிடம் பேசுவதெல்லாம் அவள் பொறுப்பு. இசைவாணி போன மாதம் மறைமலை நகரில் வேறு வேலை கிடைத்ததென்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"இன்னாம்மா, வாடகை குடுக்கிற எண்ணம் இருக்கா இல்லியா?" என்றார் அய்யாத்துரை. "அட்வான்ஸும் கழிஞ்சு போச்சு. இன்னும் எவ்ளோ நாளு பொறுக்கிறது?"

"மாசாமாசம் எழில்ட்ட குடுத்துருதேன் சார்."

"நீங்க ரெண்டு பேரும் தர்லன்னுதானே அந்தப் பொண்ணு சொல்லிச்சு. கண்ணுல தண்ணி வேற வுட்டுச்சு. பாவம்னு வுட்டேன்."

எழிலரசி வாடகையைக் கட்டவே இல்லை என்பது காந்திமதிக்கு அப்போதுதான் புரிந்தது. பணம் போனது ஒரு பக்கம். இத்தனை மாதமும் மாடிப்படியில் இவர் முகம் சுளித்தது தன்னைப் பார்த்துத்தானா?

"எம் பங்க நான் குடுத்தாச்சுல்லா? மத்தவங்களுதுக்கு நான் எப்படி சார் பொறுப்பாவேன்?"

"மூணு பேரும் சேந்துதானே கையெழுத்து போட்டீங்க. அவங்கள நான் எங்க போயி தேடறது? நீ இங்க கீற. கம்பெனில வந்து கேக்க வெக்காத."

ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் இலவச சட்ட உதவிக்கு இருந்த வக்கீல் வசுதா வாடகை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தாள். 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு.'

"அப்படின்னா யார்கிட்ட வேணும்னாலும் முழுசா கேக்கலாம்மா. நீங்க கட்டிட்டு, மத்தவங்க பங்கை அவங்க மேல கேஸ் போட்டு வாங்கலாம்."

"எழில் எங்க இருக்கான்னே தெரியாதே மேடம்."

வசுதா ஒப்பந்தத்தை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தாள்.

காந்திமதி கான்ட்ராக்டில் இருப்பவள். வீட்டுக்காரர் கம்பெனி கேட்டில் வந்து நின்றால் மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது. அம்மா போட்டு அனுப்பிய கம்மலை விற்றாள். லைன் சூப்பர்வைசரிடம் கைமாற்று வாங்கினாள். அய்யாத்துரை எண்ணி வாங்கிக்கொண்டு, "நல்ல பொண்ணும்மா நீ" என்றார். அந்தச் சொல் அவளுக்குக் கசந்தது.

பிறகு மறைமலை நகருக்குப் போனாள். ஹாஸ்டல் வாசலில் இசைவாணி துப்பட்டாவைச் சரிசெய்தபடி வந்து நின்றாள்.

"நான் ஏன் தரணும்? என் பங்கை நான் கொடுத்துட்டேன்."

"நானும்தான் குடுத்தேன். அவ கட்டலன்னு நமக்குத் தெரியாதுல்லா?"

இசைவாணி ரோட்டைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும். அய்யாத்துரை ஒருநாள் கடையில வச்சு வாடகை பாக்கியைக் கேட்டாரு. அப்பதான் இங்க வேலை தேட ஆரம்பிச்சேன்."

"என்ட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா நீயும் கிளம்பியிருப்ப. மூணு பேருமே இல்லன்னா மூணு பேரையும் தேடுவாரு. ஒருத்தி வீட்டுல இருந்தா அவளோட விட்டுருவாரு." சொல்லிவிட்டு, "எங்க அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்குது காந்தி" என்றாள்.

அது பொய்யில்லை என்று காந்திமதிக்குத் தெரியும். பொய்யாக இருந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள். திரும்பி நடந்து பஸ் ஏறினாள்.

தனியாக வாடகை கட்ட முடியாது. அடுத்த மாதம் செய்யாறு பக்கத்துப் பெண்கள் இருவர் வந்து சேர்ந்தார்கள். அவரவர் பங்கை அவரவரே அய்யாத்துரையிடம் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். சின்னவள் செந்தாமரைக்கு ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்தது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றீங்களா? எனக்கு இங்க வழி தெரியாது."

"எனக்கு ஷிப்ட் இருக்கு" என்றாள் காந்திமதி. அன்று அவளுக்கு வார விடுமுறை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பெண் தட்டுத்தடுமாறிப் படி இறங்கும் சத்தம் ஓயும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.