ஒண்ணுமில்லாத வீடு

மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க அம்மா கையைத் தூக்கியபோது, அக்குளோரம் பழைய தழும்பு முடிகிற இடத்தில் என்ன அது கட்டி மாதிரி என்று மகன் கேட்டு, அவர் "ஒண்ணுமில்ல" என்று சொன்ன செவ்வாய்க்கிழமை காலையில், அந்த வீட்டின் சாப்பாட்டு மேசை காணாமல் போனது. மேலே இருந்த இரண்டு தட்டும் தண்ணீர்ச் சொம்பும் தரையில் விழுந்தன. இருவரும் அவற்றைப் பொறுக்கிச் சமையல் மேடையில் வைத்து, நின்றபடியே சாப்பிட்டு முடித்தார்கள். மகன் லிப்ட் மெக்கானிக். அன்றைக்குப் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் கயிறு மாற்ற வேண்டியவன், லீவு சொல்லிவிட்டு அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இடது மார்பை எடுத்ததோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் இருவரும் இருந்தார்கள். இப்போது தழும்போரத்திலும் எலும்பிலும் திரும்ப வந்திருந்தது. அதிலும் ஒரு சிக்கல். முதலில் வந்தது ஹார்மோனைத் தின்று வளரும் ரகம், மாத்திரைக்குக் கட்டுப்பட்டது. தழும்போரம் முளைத்தது வேறு ரகம். எலும்பில் இருப்பது எது என்று இரண்டு முறை ஊசி குத்தித் துண்டு எடுத்துப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. அம்மா முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். விட்டுப்போன ஒரு புள்ளி நாலாம் பக்கத்தில் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பயாப்சி ரிப்போர்ட்டில் மூன்று எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு டாக்டரம்மாவிடம் நீட்டினார். டாக்டரம்மா திருத்தங்களை ஒப்புக்கொண்டு, "வலி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார் அம்மா. டாக்டரம்மாவின் நாற்காலி போய்விட்டது. மருந்துச் சீட்டின் மிச்சத்தை அவர் நின்றுகொண்டே எழுதினார். அடுத்த முறை வரும்போது ஒரு நாற்காலி கொண்டுவரும்படி நர்ஸ் மகனிடம் சொல்லியனுப்பினார்.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. கீமோ ஏறிய மறுநாள் வாந்தி எடுத்துவிட்டு வந்து அம்மா சொன்ன ஒண்ணுமில்லவில் குளியலறைக் கண்ணாடி போனது. இடது கை தோளிலிருந்து விரல்வரை வீங்கி வளையல் இறங்காமல் நின்றபோது பிரிட்ஜ் போனது. உள்ளங்கால் தோல் உரிந்து, சுவரைப் பிடித்து நடந்த வாரத்தில் பீரோவும் அதற்குள் இருந்த துணிகளும் போயின. மாடி வீட்டு டீச்சர் தன் புடவை நாலைக் கொண்டுவந்து கொடுத்து, இந்தக் காலத்தில் எந்தச் சாமானும் நிற்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகனுக்குத்தான் தலை வெடித்தது. லிப்ட் எவ்வளவு கிழடானாலும் கோளாறு இன்னதென்று பலகையில் எண் காட்டிவிடும். அதைப் பார்த்து எந்த மாடியில் எந்தக் கதவு ஒட்டவில்லை என்று போய்ச் சரிசெய்யலாம். பெற்ற தாய் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

"எங்க வலிக்குதுன்னு சொல்லேம்மா. நீ சொன்னாத்தானே அவங்க எந்த இடத்தைப் படம் எடுக்கிறதுன்னு பார்ப்பாங்க."

"சொன்னா வலி போயிடுமா?"

"சொல்லலைன்னா பீரோ போகுதே."

"பீரோ பழசுதானேடா" என்று அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டார். அவன் வெளியே போய்த் தெருமுனைவரை நடந்து, யார்மேல் எரிந்து விழுவது என்று தெரியாமல் திரும்பி வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியூரிலிருந்து அக்கா போன் பண்ணினாள். அம்மாவைப் பற்றி வழக்கம்போல எல்லாம் கேட்டுவிட்டு, அன்றைக்கு என்ன தோன்றியதோ, "நீ எப்படிடா இருக்க?" என்றாள். அவன் மூன்று வாரமாக நாலு மணிநேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. வேலையில் ஒரு நட்டை முடுக்காமல் விட்டு, நல்லவேளையாகத் தானே கண்டுபிடித்திருந்தான். "எனக்கென்ன, ஒண்ணுமில்ல" என்றான்.

உள்ளே அம்மாவின் கட்டில் போனது. மெத்தையோடு இரண்டடி கீழே விழுந்த அம்மா, "ஐயோ, வலிக்குதே" என்று அலறினார். அவன் போனைப் போட்டுவிட்டு ஓடினான்.

"எங்கம்மா?"

"இடுப்பு. வலது பக்கம். தொடைவரைக்கும்."

"இப்ப விழுந்ததிலயா?"

இல்லை என்று அம்மா தலையை ஆட்டினார். "ரெண்டு மாசமா" என்றார். சுற்றிலும் எதுவும் காணாமல் போகவில்லை. காணாமல் போக அந்த அறையில் அதிகம் மிச்சமும் இல்லை. பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்து, "கட்டில் என்னால போகலடா. நான் வாயே திறக்கல" என்றார். அவன் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

படம் எடுத்துப் பார்த்ததில் வலது தொடை எலும்பின் கழுத்து செல்லரித்த மரம் மாதிரி இருந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் நடக்கும்போதே ஒடிந்திருக்கும் என்றார் டாக்டரம்மா, மகன் கொண்டுவந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி. எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். அப்போது எடுத்த துண்டில் ஒருவழியாக ரகம் தெரிந்தது. மருந்தை மாற்றி, ரேடியேஷனும் கொடுத்தார்கள். இரண்டு மாத வலியை ஏன் மறைத்தாய் என்று மகன் கேட்டதற்கு, நீ வேலையை விட்டுவிடுவாயோ என்று பயந்தேன் என்றார் அம்மா. வேலை போயிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது என்று அவன் கத்தினான். நர்ஸ் வந்து வராந்தாவுக்குப் போய்க் கத்தச் சொன்னார்.

அதற்குப் பிறகு அம்மா ஒளிக்கவில்லை. அதுவும் ஒரு பாடாக இருந்தது. பாதத்தில் எரிச்சல், நாக்கில் உலோக ருசி, மூன்றாவது விலாவுக்குக் கீழே ஊசி குத்துகிற மாதிரி, இல்லையில்லை, நகத்தால் கீறுகிற மாதிரி என்று பிழை திருத்தித் திருத்திச் சொல்லுவார். டாக்டரம்மா கேட்டபடி மகன் எல்லாவற்றையும் தினமும் ஒரு நோட்டில் எழுதினான். இரண்டரை வருஷத்தில் ஐந்து நோட்டு நிறைந்தது. மருந்து மூன்று முறை மாறியது. ஒரு மருந்து கேட்டது, ஒன்று கேட்கவில்லை, இப்போது ஓடுகிற மருந்து கேட்கிறதா இல்லையா என்று அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். போன சாமான்கள் போனவைதான். புதிதாக வாங்க இருவருக்கும் தோன்றவில்லை. தரையில் உட்கார முடியாத அம்மாவுக்கு மட்டும் டீச்சர் ஒரு கயிற்றுக் கட்டில் கொடுத்திருந்தார்.

இன்று காலை அம்மா பதினொரு வலிகளைச் சொல்லி முடித்தார். மகன் நோட்டை மூடப்போனான்.

"உனக்கு?" என்றார்.

"எனக்கு என்ன?"

"கேட்டா சொல்லணும். கயித்துக் கட்டில்ல உட்கார்ந்திருக்கேன்."

அவன் நோட்டைத் திரும்பப் பிரித்தான். "கோவமா இருக்கு."

"யார் மேல?"

"உன் மேலதான்."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா."

"எழுதிக்க" என்றார் அம்மா. அவன் பன்னிரண்டாவதாக அதை எழுதினான். அம்மா நோட்டை வாங்கிப் பார்த்து, 'கோவம்' என்ற சொல்லில் ஒரு எழுத்தைத் திருத்திக் கொடுத்தார்.