தோட்டக்காரரின் குரல்

டமாரென்று மைக் ஸ்டாண்டு சாய்ந்தது. வில்லன் சிரிப்பு சிரித்த வேகத்தில் இடியின் கை அதில் பட்டுவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்டு இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டான்.

"அண்ணே, அவர் தோட்டக்காரர். மரம் வெட்ட வந்தவர் இல்லை" என்றாள் டப்பிங் டைரக்டர்.

இடி என்பது பட்டப்பெயர். பூதம், ராட்சசன், பேசும் முதலை என்றால் அந்த ஸ்டுடியோவில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வில்லன் என்றால் கத்த வேண்டாமா என்று அவர் அப்பாவியாகக் கேட்டார்.

"கத்துறவனைப் பார்த்தா ஓடத் தோணும். இவரைப் பார்த்தா பக்கத்துல போய் உட்காரத் தோணணும். அங்கேதான் ஆபத்தே."

இடி தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஜப்பானிலிருந்து வந்த அனிமே கார்ட்டூன் தொடர் அது. மந்திர சக்தியுள்ள அநாதைக் குழந்தைகளை ஒரு பெரிய மதில் சூழ்ந்த தோட்டத்தில் வைத்து வளர்க்கிறார் தோட்டக்காரர். ஒவ்வொரு குழந்தையின் சக்தியும் ஒரு பூவாகப் பூக்கும். ஒரு பூவைக்கூட அவர் பறிக்க மாட்டார். மெதுவாகப் பேசுவார். குழந்தைகளே பறித்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, வாடி உதிர்ந்துபோவார்கள்.

தமிழில் அவருக்குக் குரல் கொடுத்தவர் இன்ஜினியரின் சொந்த அண்ணன். கடைசி எபிசோடு பாக்கி இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார்.

வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தில் ஒருவன், மூன்றாவது போலீஸ்காரன் என்றே பேசிக்கொண்டிருந்த மனிதர். தோட்டக்காரர்தான் அவருக்கு வாய்த்த முதல் பெரிய வேடம். "அந்தக் குரலைக் கேட்டால் போர்வைக்குள் போய்விடுகிறேன், ஆனாலும் மறுபடி போட்டுக் கேட்கிறேன்" என்றெல்லாம் ரசிகர்கள் எழுதினார்கள். அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து, இதே ஸ்டுடியோவில் சேர்த்துவிட்டவரும் அந்த அண்ணன்தான்.

இப்போது சேனல்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பழைய பதிவுகளிலிருந்து வெட்டி ஒட்டிக் கடைசி எபிசோடை முடிக்கலாம், ஆனால் அதற்கு இறந்தவரின் மனைவி சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் எபிசோடிலிருந்தே இடியின் குரலில் மாற்றிவிடுவோம். இன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்.

அதாவது, அண்ணி சரி என்று சொன்னால் அண்ணன் குரல் இருக்கும். இல்லையென்றால் எங்குமே இருக்காது.

அண்ணி ஏற்கெனவே முடியாது என்று சொல்லியிருந்தாள். காரணம் கேட்டதற்கு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள். கல் நெஞ்சுக்காரி, புருஷன் போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று சொந்தக்காரர்கள் அப்போதே முணுமுணுத்திருந்தார்கள். அதெல்லாம் துக்கம் அடைத்துக்கொண்டதால் என்றுதான் தம்பி வாதாடிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தடவை வந்து பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் நானே அழித்துவிடுகிறேன் என்று கெஞ்சியதில், வருகிறேன் என்றாள்.

சில நாட்களாக அவன் அண்ணன் குரலோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். மூச்சு ஒரு பக்கம், இருமல் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் என்று பிரித்துப் பிரித்து வைத்தான். பஸ்ஸில் யாரோ தொண்டையைக் கனைத்தால் திரும்பிப் பார்த்தான். குளிக்கும்போது குழாய்ச் சத்தத்துக்கு அடியில் அந்தக் குரல் ஓடுவதுபோல் இருக்கும். நிறுத்தினால் நின்றுவிடும். திறந்தால் மறுபடி ஆரம்பிக்கும்.

அப்படித் தேடியபோதுதான் அந்தப் பதிவு கிடைத்தது. மதிய இடைவேளையில் அண்ணன் ஒலிப்பதிவு பூத்துக்குள் விளக்கை அணைத்துவிட்டுத் தனியாக ஒத்திகை பார்ப்பார். நல்லதாக ஏதாவது விழுந்தால் வீணாகக் கூடாதென்று தம்பி மைக்கை நிறுத்தாமலே சாப்பிடப் போய்விடுவான். அதில் ஸ்கிரிப்டில் இல்லாத வசனங்கள் இருந்தன. தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் ஒரு சிறுமியிடம் கடைசிப் பூவைத் தோட்டக்காரர் கேட்கும் காட்சிக்கு, அளவெடுத்துத் தைத்ததுபோல் அவை பொருந்தின.

டைரக்டர் கேட்டுவிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள். ரோமம் சிலிர்த்திருந்தது. "நடுவுல விடுறாரே இடைவெளி, அதைக் கேளு. எதிர்ல இருக்கிறவங்க பயப்படுறதைக் கேட்டுட்டு இருக்கிற மாதிரி. எங்கே பிடிச்சார் இதை?"

தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

அண்ணி வந்தபோது டைரக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று வெளியே போய்விட்டாள். அண்ணி பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பளிச்சென்ற மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். அண்ணன் இருந்தவரை அந்த மாதிரி நிறத்தில் அவளை அவன் பார்த்ததில்லை. ஸ்டுடியோ குளிராக இருக்கிறது, போர்வை வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம், சீக்கிரம் போடுங்கள் என்றாள்.

திரையில் மாலை வெயில். பூச்செடிகளுக்கு நடுவே சிறுமி. மண்ணைத் தட்டிவிட்டுத் தோட்டக்காரர் கல் பெஞ்சில் உட்கார்கிறார். முகத்தில் அன்பு வழிகிறது.

"அவசரம் இல்லை. நீ யோசிச்சுச் சொல்லு."

இடைவெளி.

"இல்லையே, எனக்குக் கோபமே இல்லையே. என் குரல் கோபமாவா இருக்கு?"

நீண்ட இடைவெளி. சிறுமியின் உதடு நடுங்குகிறது.

"சரி, ஒண்ணு பண்ணு. எழுந்து கதவு பக்கத்துல போய் நில்லு. நான் வர்ற வரைக்கும் நில்லு."

தம்பி திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் பை விழும் சத்தம் கேட்டது. திரும்பினான்.

அண்ணி நாற்காலியில் இல்லை. கதவுக்குப் பக்கத்தில், சுவரோடு முதுகு ஒட்ட நின்றுகொண்டிருந்தாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. கண் தரையில் இருந்தது. எப்போது எழுந்தாள், எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"அண்ணி?"

அவள் நிமிரவில்லை.

"அண்ணி, உட்காருங்க."

அவள் மெதுவாகத் தன் காலைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். தான் நிற்கும் இடம் அப்போதுதான் புரிந்ததுபோல் புடவைத் தலைப்பை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள்.

"இது போன்ல பேசினது, தம்பி. என்கிட்ட பேசினது."

அவன் ஒத்திகை என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த இடைவெளிகளில் மறுமுனையில் இருந்தது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவற்றின் நீளத்தையெல்லாம் சரிபார்த்து, பின்னணி இரைச்சலைக்கூடத் துடைத்து, சிறுமியின் உதட்டசைவுக்குப் பொருத்தியவன் அவன்தான்.

அண்ணி அங்கேயே நின்றபடி கொஞ்சம் சொன்னாள். மத்தியானம் போன் வரும். வாசல் கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். சாயங்காலம் அவர் வந்து கதவைத் திறக்கும்போது அதே இடத்தில் இருக்க வேண்டும். யாரும் பூட்டி வைக்கவில்லை, தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒருநாள்கூட அதைத் திறக்கத் தோன்றவில்லை. இதைச் சொல்லும்போது அவள் குரலில் அழுகை இல்லை. தன்னைப் பற்றிய ஆச்சரியம்தான் இருந்தது.

தம்பி கையை நீட்டி அந்த டிராக்கை அழித்தான். அசல் பதிவையும் தேடி அழித்தான். திரையில் தோட்டக்காரர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். வெளியே இடி எதற்கோ சத்தமாகச் சிரிப்பது கேட்டது.

வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவன் அவன். அண்ணன் ஒரு வார்த்தை அதட்டிப் பேசிக் கேட்டதில்லை.

"அண்ணன் சத்தம் போட்டே நான் பார்த்ததில்லையே, அண்ணி."

அண்ணி குனிந்து பையை எடுத்துத் தூசி தட்டினாள்.

"ஒரே ஒரு தடவை கத்தியிருந்தா, பக்கத்து வீட்டுக்காரங்களாவது ஓடி வந்திருப்பாங்க, தம்பி."