மூன்றாவது வரிசையில் நான்காவது கப்பல்

மகிழினியின் தூக்கம் கப்பலில் ஏறிப் போய்ப் பத்தொன்பது நாளாகியிருந்தது.

மகிழினிக்கு எட்டு மாதம். அழுகிற பிள்ளை இல்லை. பத்தொன்பது நாளும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தபடி இருந்தாள். அழுகிற பிள்ளை என்றால் அழுது அலுத்தாவது தூங்கும். சிரிக்கிற பிள்ளையை என்ன செய்வது? கூடவே விழித்திருந்த அம்மா செண்பகம், ஒருநாள் உப்புக்குப் பதில் சீனியைப் போட்டு ரசம் வைத்தாள். புருஷன் உச்சிமாகாளி அதை இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, டீ நன்றாயிருக்கிறது என்றான். அவனுக்கும் தூக்கம் இல்லை.

ஊருக்கு வரும் நர்சம்மா பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்தார். தடுப்பூசி அட்டையில், "தூக்கம்: கப்பலில். மூன்றாவது வரிசை, நான்காவது கப்பல்" என்று எழுதினார்.

"வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு அது துறைமுகத்துக்குள்ள போயிரும். அதுக்கு முந்திக் கவுத்துருங்க. கரை சேந்துட்டா வேற ஊர்ப் பிள்ளைக்குக் குடுத்துருவாங்க. பெறகு நம்ம போய்க் கேக்க முடியாது."

"கப்பல்ல இருக்கவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று கேட்டாள் செண்பகம்.

"படகுல எறங்கிப் போயிருவாங்க. பழக்கந்தான்" என்று சொல்லிவிட்டு, நர்சம்மா அடுத்த வீட்டுக்குப் போனார்.

கப்பலைக் கவிழ்க்க வேண்டிய கம்ப்யூட்டர் வீட்டிலேயே இருந்தது. தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிற உச்சிமாகாளி, யாரோ கழித்துப்போட்டதை வாங்கிவந்து, தையல் மிஷின் மேல் வைத்திருந்தான். நாலு மாதமாக அதில் ஒரே விளையாட்டுதான். பழைய யுத்தகாலம், இவன் நீர்மூழ்கிக் கப்பல், சரக்குக் கப்பல்கள் கூட்டமாக வரும், சுற்றிலும் காவல் கப்பல்கள் வரும், ஒளிந்து போய் அடிக்க வேண்டும். இருபத்திரண்டு முறை அவன் அடிபட்டு மூழ்கியிருந்தான். கவிழ்த்தது ஒன்றே ஒன்று, அதுவும் போன திங்கட்கிழமை, அவசரத்தில் பக்கத்து வரிசையில் அடித்தது. அதில் இருந்தது தபால்காரர் சங்கிலிமுத்துவின் தூக்கம். அவர் அப்போதே சைக்கிள் மேல் தூங்கிப்போனார். இன்னும் தூங்கிக்கொண்டேதான் தபால் கொடுக்கிறார். கடிதங்கள் சரியான வீட்டுக்குப் போகின்றன.

மிச்சம் ஒரே ஒரு டார்பிடோ குண்டு இருந்தது.

வியாழக்கிழமை ஒன்றே முக்காலுக்குத் திரையில் புகை தெரிந்தது. முப்பத்தைந்து கப்பல்கள், ஐந்து வரிசை. முன்னால் ஒரு காவல் கப்பல், பின்னால் ஒன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று. உச்சிமாகாளி எப்போதும் செய்வதைச் செய்யப் போனான். உடனே முங்கி, கூட்டத்தின் பின்னாலேயே விரட்டிக்கொண்டு போவது. தண்ணீருக்கு மேலே நீர்மூழ்கிக்கு வேகம் உண்டு, முங்கிவிட்டால் மாட்டுவண்டிதான்.

செண்பகம் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, மினி பஸ்ஸ பின்னால ஓடியா பிடிப்பாக?"

"பெறகு?"

"முந்துன ஸ்டாப்புல போய்லா நிக்கணும். நம்ம ஸ்டாப்புக்கு வரும்போது அதுல நிக்கவே எடம் இருக்காதே. நான் எப்பம் நம்ம ஸ்டாப்புல ஏறிருக்கேன்?"

உச்சிமாகாளி யோசித்தான். பிறகு முங்காமல், புகை மட்டும் தெரிகிற தூரத்தில், பெரிய வட்டமாகச் சுற்றிப் போனான், வீடும் கூடவே போனது. இவர்கள் புகை அங்கே தெரியக்கூடாது என்று செண்பகம் விறகடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். வெந்நீர் பாதிச் சூட்டில் நின்றது. வீடு கூட்டத்தை முந்திக்கொண்டு போய், அது வரப்போகிற வழியில் நின்றது.

"இப்ப முங்கலாம்" என்றாள்.

ஜன்னல்களுக்குக் கொண்டி போட்டார்கள். கதவிடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தார்கள். வாசலில் நின்ற முருங்கை மரம் மெதுவாக மேலே போய் மறைந்தது. ஜன்னலில் பச்சைத் தண்ணீர் வந்தது. இரண்டு மீன்கள் காலண்டரில் தேதி பார்த்துவிட்டுப் போயின.

இனி சத்தம் கூடாது. செண்பகம் ஃபேனை நிறுத்தினாள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். குக்கர் வெயிட்டைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள். பிள்ளையின் கொலுசைக் கழற்றி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். மகிழினி அதற்கும் சிரித்தாள், சத்தமில்லாமல்.

உச்சிமாகாளியின் தங்கை மாரிச்செல்வி காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். தண்ணீருக்குள் வரும் சத்தத்தைக் கேட்டுச் சொல்வது அவள் வேலை. காவல் கப்பல் அவ்வப்போது தண்ணீருக்குள் ஒரு சத்தம் விடும். அது எதிலாவது பட்டுத் திரும்பினால் கீழே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும்.

"டிங்."

வாசலில் யாரோ கதவுக் கொண்டியைத் தட்டினாற்போல் இருந்தது. அந்த ஊரில் வாசலில் சத்தம் கொடுத்தால் பேசாமல் இருக்க முடியாது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டு ஆளாக இருந்தாலும் வாங்க என்று சொல்லியாக வேண்டும்.

"யாரு? வாங்க, உள்ள வாங்க" என்றாள் மாரிச்செல்வி.

உச்சிமாகாளி தலையில் அடித்துக்கொண்டான், சத்தம் வராமல்.

"கூப்ட்டியா? கூறுகெட்டவளே!"

"வாசல்ல வந்து நிக்காகண்ணே. வாயத் தெறக்காட்டி நம்மள என்ன நெனப்பாக?"

அவன் நிமிர்ந்து ஓட்டைப் பார்த்தான்.

இடது பக்கத்துக் காவல் கப்பல் திரும்பி நேராக வந்து, வீட்டுக்கு மேலே நின்றது. வெடிப் பீப்பாய்களை ஓரத்துக்கு உருட்டுகிற சத்தம் ஓட்டின் மேல் கேட்டது. பிறகு அதன் கேப்டன் ஏணியில் இறங்கி வந்தார். அழைத்த வீட்டுக்கு முதலில் வந்துவிட்டுப் போவதுதானே முறை. வெள்ளைச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. செருப்பை வெளியே கழற்றிவிட்டார். செண்பகம் முக்காலியைப் போட்டு, மோர் கொண்டுவந்தாள்.

கேப்டன் ஒரு மடக்குக் குடித்தார். நிமிர்ந்து மேலே பார்த்து, "பீப்பாயெல்லாம் எடுத்து வைங்கப்பா. இங்க மோர் குடிச்சாச்சு" என்று குரல் கொடுத்தார். பீப்பாய்கள் திரும்பி உருண்டு போயின.

"கருவேப்பில கிள்ளிப் போட்டீங்களோ?" என்று கேட்டார்.

"ஆமா. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

"ஊத்துங்க. ஒண்ணும் அவசரமில்ல."

இரண்டாவது தம்ளரை அவர் நிதானமாகக் குடித்தார். செண்பகம் தண்ணீருக்கு மேலே நீட்டியிருந்த பெரிஸ்கோப் குழாயில் பார்த்தாள். கப்பல் கூட்டத்தின் இடது பக்கம் காவலே இல்லாமல் திறந்து கிடந்தது.

"ஏங்க, இந்தப் பக்கம் ஆளே இல்ல. உள்ள விடுங்க."

உச்சிமாகாளி கேப்டனைப் பார்த்தான். கேப்டன் மோரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு அவரோடு சேர்ந்து நகர்ந்தது. முதல் வரிசைக்கு அடியில் போனது. இரண்டாவது வரிசைக்கு அடியில் போனது. காவல் கப்பல்கள் எல்லாம் வெளியே பார்த்து நிற்கும். உள்ளே நுழைந்துவிட்டால், கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி, யாரும் யாரென்று கேட்பதில்லை. மணி இரண்டு ஐம்பது. துறைமுகத்தின் விளக்குத்தூண் தெரிந்தது.

மூன்றாவது வரிசை. எல்லாக் கப்பலும் ஒரே சாம்பல் நிறம். உச்சிமாகாளி நாலாவதை எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"முன்னேருந்து நாலாவதா, பின்னேருந்து நாலாவதா?"

"ஏழு கப்பல்தான? எங்கேருந்து எண்ணுனாலும் நாலாவது அதேதான்" என்றாள் செண்பகம். ஆனாலும் சங்கிலிமுத்துவை நினைத்து, பிள்ளையைத் தூக்கிப் பெரிஸ்கோப்பில் காட்டினாள். மகிழினி முதல் கப்பலைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவதைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாவதையும் சிரித்தபடி கடந்தாள். நாலாவது, பத்தொன்பது நாள் பாரத்தில் விளிம்புவரை தண்ணீரில் அமுங்கி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பிள்ளை வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள்.

உச்சிமாகாளி குறிக்கம்பியை அந்தக் கப்பலின் நடுவில் வைத்தான். செண்பகம் அவன் கையைத் தள்ளினாள்.

"இங்க வச்சா எப்படி? குண்டு போய்ச் சேருமுன்ன கப்பல் போயிருமே. ஜன்னல் வரப்போற எடத்துலல்லா கூடைய எறியணும்."

ஓடுகிற மினி பஸ்ஸின் ஜன்னல் வழியே கூடையை எறிந்து இடம் பிடிப்பதில் அவளுக்கு ஆறு வருஷப் பழக்கம். ஒரு தடவைதான் தவறி டிரைவர் மடியில் விழுந்தது. அவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க. திரும்பி நீளவாக்குல தெரியட்டும்... வரட்டும்... வரட்டும்... ஆங்."

கீபோர்டில் மாவு ஒட்டியிருந்த பெரிய பட்டனை அவளே அழுத்தினாள். மாரிச்செல்வி நாற்பதுவரை எண்ண ஆரம்பித்தாள். உச்சிமாகாளி கண்ணை மூடிக்கொண்டான். கேப்டன் தம்ளரைக் கீழே வைத்தால் சத்தம் வருமென்று கையிலேயே வைத்திருந்தார். முப்பத்தெட்டில் கப்பல் ஒருமுறை குலுங்கியது. இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்த மாதிரி ஒரு சத்தம்.

மாலுமிகள் தூக்குவாளிகளோடு வரிசையாகப் படகில் இறங்கினார்கள். ஒருவர் குடையை மறந்துவிட்டு, திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். கப்பல் மெல்லச் சாய்ந்தது. தூக்கம் வெளியே வந்தது. அது அரிசி களைந்த தண்ணீர்போல வெளுப்பாக, வெதுவெதுப்பாக, கதவிடுக்குச் சேலையைத் தாண்டி வீட்டுக்குள் பரவியது. பிள்ளைக்கு உள்ளது பிள்ளைக்கு என்று மற்ற மூன்று பேரும் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்கள். செண்பகம் மட்டும் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்தாள்.

மகிழினி சிரித்தாள். பாதிச் சிரிப்பில் இமை இறங்கியது. வாய் அப்படியே திறந்திருக்க, தலை அம்மாவின் தோளில் சாய்ந்தது. சின்னதாக ஒரு குறட்டை வந்தது.

"தூங்கிட்டாளா?" என்று கேப்டன் கிசுகிசுத்தார்.

செண்பகம் தலையை மட்டும் ஆட்டினாள். உச்சிமாகாளி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்து, பிள்ளையின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டான். கால் அசையவில்லை.

"அப்பாடா" என்றான். "உன் மாதிரி ஆளு நாலு மாசத்துக்கு முந்தியே கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்தா..."

"ரசத்த யாரு வைக்க?"

"ஏளா, அந்த ரசத்துக்கு நானே வச்சிருப்பேன்."

வீடு மேலே வந்தது. முருங்கை மரம் பழைய இடத்தில் இறங்கி நின்றது. கப்பல் கூட்டம் மூன்று மணிக்குத் துறைமுகத்துக்குள் போய்விட்டது. கூட்டம் விட்டுவிட்டுப் போன காவல் கப்பல் முருங்கையில் கட்டிக் கிடந்தது. கேப்டன் அதை அவிழ்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் அதில் ஏறிப் போனார்.

மறுநாள் காலையில், நர்சம்மாவிடம் அட்டையில் தூக்கத்தை வரவு எழுதிவர, செண்பகம் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழக்கம்போல் முந்தின ஸ்டாப்புக்கு நடந்து போனாள். பஸ் வந்தது. கூடையை எறிந்தாள். உள்ளே யாரோ அதைப் பத்திரமாகப் பிடித்தார்கள்.

ஏறிப் பார்த்தால், மூன்று பேர் உட்காரும் ஸீட்டில் நேற்று வந்த காவல் கப்பல் உட்கார்ந்திருந்தது. கைப்பிள்ளைக்காரியைப் பார்த்ததும் ஜன்னலோரமாக நகர்ந்து இடம் விட்டது.

"எங்க எறங்கணும்?" என்று கண்டக்டர் அதனிடம் கேட்டார்.

"கூட்டம் அடுத்தாப்ல வர்ற கடலுக்கு ஒரு ஸ்டாப் முந்தி" என்றது கப்பல்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். செண்பகம் கூடையை அதன் மேல்தளத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.